ஏழாவது தோட்டா
(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



ஆண்டு மலர் என்றால் ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாறு கட்டாயம் இருக்கும். விசுவேசுவரய்யா வந்தாயிற்று. சர் சி.வி. ராமன் வந்தாயிற்று. ஜி.டி. நாயுடு எத்தனை முறை வந்தார் என்று கணக்கே இல்லை. எல்லோரும் வணங்கத்தக்கவர்கள்தான். ஆனால் இந்த முறை நான் அழைத்து வருகிறவர் ஒரு டூல்ரூம் தொழிலாளி. பட்டம் வாங்கியவர் இல்லை. நாம் படிக்கிற டிப்ளமோ கூட அவரிடம் கிடையாது. லேத்திலும் மில்லிங் மெஷினிலும் நின்று நின்றே படித்தவர். அவர் வரைந்த ஒரு பொருள் 50 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. உலகம் இன்றைக்கும் அந்தப் பொருளை அவர் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறது.

அவர் பெயர் ஜான் கேரண்ட். அவர் செய்த பொருள், துப்பாக்கி.

துப்பாக்கி செய்த ஆளைப் பற்றி மாணவர் மலரில் எழுதலாமா என்று மலர்க் குழுவிலேயே கேட்டார்கள். நல்ல கேள்விதான். அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் அந்த மனிதரைத் தெரிந்துகொள்வோம்.

அனுமந்தபுரத்துச் சத்தம்

சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து திருப்போரூர் போகிற சாலையில் பஸ் ஏறி வருகிற நண்பர்களுக்கு அனுமந்தபுரத்தைத் தெரியாமல் இருக்காது. அங்கே இருக்கும் துப்பாக்கிச் சுடுதளத்தில் இராணுவத்தினரும் போலீசாரும் மத்தியப் படையினரும் பயிற்சி செய்கிறார்கள். சுற்றுப்பட்டுக் கிராமங்களுக்கு அந்தச் சத்தம் பழகிப்போன சத்தம். என்.சி.சி.யில் இருக்கும் நம்ம பசங்களுக்கு எஸ்.எல்.ஆர். என்ற பெயரும் பழக்கம். செல்ஃப் லோடிங் ரைஃபிள், அதாவது ஒரு தோட்டா வெடித்ததும் அடுத்த தோட்டாவைத் தானே நிரப்பிக்கொள்ளும் துப்பாக்கி. விசையை ஒரு தடவை இழுத்தால் ஒரு குண்டு. மறுபடி இழுத்தால் மறு குண்டு. இதைத்தான் செமி ஆட்டோமேட்டிக் என்கிறோம். விசையைப் பிடித்தபடி இருந்தால் மழை மாதிரி பொழிவது வேறு வகை.

இந்தச் சமாசாரம் நம் நாட்டுக்கு எப்படி வந்தது? 1962ல் சீனப் போர் மூண்டபோது நம் ஜவான்கள் கையில் இருந்தது பெரும்பாலும் பழைய .303 துப்பாக்கி. ஒவ்வொரு குண்டுக்கும் கையால் போல்ட்டைத் திருப்பி, பின்னுக்கு இழுத்து, முன்னுக்குத் தள்ள வேண்டும். எதிரில் வந்தவர்களிடமோ தானே நிரப்பிக்கொள்ளும் துப்பாக்கி இருந்தது. அந்தப் போருக்குப் பிறகு வங்காளத்தில் உள்ள இஷாப்பூர் தொழிற்சாலை, பெல்ஜியத்து டிசைனை ஒட்டி 1ஏ1 என்ற எஸ்.எல்.ஆரைச் செய்து கொடுத்தது. 7.62 மி.மீ. தோட்டா, மேகசினில் 20. பல ஆண்டுகள் நம் படைக்கு அதுதான் துணை. பிறகு போலீசார் கைக்கும் வந்து சேர்ந்தது.

எந்தத் துப்பாக்கியானாலும் அதைத் தூக்குகிறவன் மூன்று கேள்விதான் கேட்பான். ஒன்று, சமயத்தில் ஜாம் ஆகாமல் சுடுமா? இரண்டு, நாள் முழுக்கத் தூக்கிக்கொண்டு நடக்க முடியுமா? மூன்று, என் வேலைக்கும் என் உடம்புக்கும் ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ள முடியுமா? நம்பகம், எடை, மாற்றம். இந்த மூன்றையும் தராசில் வைத்து 17 ஆண்டு நிறுத்துப் பார்த்தவர்தான் கேரண்ட். உலகத்திலேயே முதல் முறையாக ஒரு நாடு தன் காலாட்படை முழுவதற்கும் செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கியையே பொது ஆயுதமாக ஏற்றது என்றால், அது அவர் செய்த எம்-1 தான்.

பஞ்சாலையில் பெருக்கிய பையன்

கேரண்ட் 1888 ஜனவரி 1ஆம் தேதி கனடா நாட்டில், கியூபெக் மாகாணத்தில், செயின்ட் ரெமி என்ற ஊரில் பிறந்தார். விவசாயக் குடும்பம். பிள்ளைகள் 12 பேர். வீட்டில் பேசுவது பிரெஞ்சு. அம்மா இறந்த பிறகு அப்பா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அமெரிக்காவில் கனெக்டிகட் மாகாணத்துக்குக் குடிபெயர்ந்தார். பையனுக்கு அப்போது வயது சுமார் 11. பள்ளிக்கூடம் அத்தோடு சரி. ஒரு பஞ்சாலையில் தரை பெருக்கும் வேலையில் சேர்ந்தான்.

ஆங்கிலம் கற்றதும் அந்த மில்லில்தான். பெருக்குகிற பையன் துடைப்பத்தோடு நிற்காமல் மெஷின்களையும் பார்த்துக்கொண்டே இருந்தான். எந்தச் சக்கரம் எதைத் திருப்புகிறது, எந்தக் கேம் எதைத் தூக்குகிறது என்பதெல்லாம் பார்த்துப் பார்த்தே மனத்தில் ஏறியது. வாலிப வயதில் மெஷினிஸ்ட் ஆகிவிட்டார். பிறகு பிராவிடன்ஸ் நகரில் பிரவுன் அண்டு ஷார்ப் கம்பெனியில் வேலை.

அந்தப் பெயரை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? மெஷின் ஷாப்பில் இன்டெக்சிங் கணக்குப் போடும்போது பிளேட் நம்பர் 1, 2, 3 என்று துளைகளை மனப்பாடம் செய்து மண்டை காய்ந்தோமே, அதே பிரவுன் அண்டு ஷார்ப்தான்! மைக்ரோமீட்டருக்கும் மில்லிங் மெஷினுக்கும் பேர் போன இடம். ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று கேரண்டுக்குச் சொல்லிக் கொடுத்த பள்ளிக்கூடம் அது. பிறகு நியூயார்க் போனார். குறி பார்த்துச் சுடுவதில் சின்ன வயதிலிருந்தே ஆசை. நம் மாமல்லபுரம் கடற்கரையில் பலூன் சுடும் கடை போடுகிறார்களே, அந்த மாதிரி சுடும் கடைகள் நியூயார்க் பக்கமும் உண்டு. அவருக்கு அங்கே பொழுது போகும்.

1917ல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. இலகுவான இயந்திரத் துப்பாக்கிக்கு நல்ல டிசைன் வேண்டும் என்று அரசு தேடியது. கேரண்ட் ஒன்றை வரைந்து அனுப்பினார். பிடித்துப்போய், அரசாங்கத்தின் அளவைத் தர நிலையத்தில் அவருக்கு வேலை கொடுத்தார்கள். அந்தத் துப்பாக்கி முடிவதற்குள் போரே முடிந்துவிட்டது! ஆனால் ஆள் கெட்டிக்காரர் என்பது தெரிந்துபோயிற்று. 1919 நவம்பரில் மசாசூசெட்ஸ் மாகாணம் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த அரசு ஆயுதச் சாலைக்கு மாற்றினார்கள். தோழர்களே, 1953ல் ஓய்வு பெறும் வரை அவர் அந்த ஒரே இடத்தில்தான் இருந்தார்.

வெடித்த புகையே வேலைக்காரன்

அங்கே அவருக்குக் கொடுத்த வேலை, காலாட்படைக்குத் தானே நிரப்பிக்கொள்ளும் துப்பாக்கி ஒன்று செய்வது. சொல்ல ஒரு வரி. செய்ய 17 ஆண்டு.

முதலில் தோட்டாவின் அடியில் உள்ள பிரைமர் பின்னுக்குத் தள்ளுகிற சின்ன அசைவையே வைத்து இயந்திரத்தை ஓட்டினார். அழகான யோசனை. சில ஆண்டுகள் அதில் உழைத்தும்விட்டார். அப்புறம் இராணுவம் தோட்டாவின் மருந்தையே மாற்றிவிட்டது. பிரைமரையும் இறுக்கிப் பொருத்தச் சொல்லிவிட்டது. அவ்வளவுதான், அந்த டிசைன் படுத்துவிட்டது. நம்மில் ஒருவர் என்றால் டிராயிங்கைச் சுருட்டி எறிந்திருப்போம். கேரண்ட் புதுத் தாளை எடுத்துப் பலகையில் ஒட்டினார்.

இரண்டாவது யோசனைதான் நிலைத்தது. ஐ.சி. எஞ்சின் படித்த நமக்கு இது சுலபமாகப் புரியும். குண்டைத் தள்ளுகிற புகைக்கு ஏகப்பட்ட அழுத்தம். அதில் கொஞ்சத்தைக் குழலின் நுனியில் பிடித்து ஒரு பிஸ்டனைத் தள்ளு. பிஸ்டனோடு சேர்ந்த நீண்ட ராடு பின்னுக்கு வரும். வரும்போது போல்ட்டைத் திருப்பிப் பூட்டைத் திறக்கும். காலிக் கூடு வெளியே தெறிக்கும். ஸ்பிரிங் சுருங்கும். பிறகு அந்த ஸ்பிரிங் எல்லாவற்றையும் முன்னுக்குத் தள்ளும்போது, போகிற வழியில் அடுத்த தோட்டா அறைக்குள் ஏறும். போல்ட் மறுபடி பூட்டிக்கொள்ளும். கண் மூடித் திறப்பதற்குள் இவ்வளவும் நடந்து முடியும். கையால் போல்ட் இழுக்கிற வேலையை, முன்பு காற்றில் வீணாய்ப் போன புகை செய்துவிடுகிறது. பயிற்சி பெற்றவர் ஒரு நிமிடத்தில் 40 முதல் 50 குண்டுவரை குறி பார்த்துச் சுடலாம்.

அதே ஆயுதச் சாலையில் அவருக்கு ஒரு போட்டியாளர் இருந்தார், ஜான் பெடர்சன். பெரிய பேர் வாங்கிய டிசைனர். தனி ஒப்பந்தத்தில் வந்தவர். அவருடைய துப்பாக்கிக்கு .276 அளவில், அதாவது ஏறக்குறைய 7 மி.மீ. அளவில், புதுத் தோட்டா. சின்னத் தோட்டா என்றால் எடை குறைவு, தோளில் உதை குறைவு, கூடுதலாக எடுத்துப் போகலாம். இராணுவத்துக்கும் ஆசை வந்துவிட்டது. ஆனால் பெடர்சன் துப்பாக்கி ஜாம் ஆகாமல் ஓட, தோட்டாவின் மேல் மெழுகு பூச வேண்டியிருந்தது. மெழுகும் எண்ணெயும் தூசியைக் கூப்பிட்டு வைத்துக்கொள்ளும் என்பது ஷாப் ஃப்ளோரில் நிற்கிற யாருக்கும் தெரியும். கேரண்டின் துப்பாக்கிக்கு மெழுகு தேவைப்படவில்லை. .276 அளவிலேயே அவரும் ஒன்று செய்து காட்டினார். அதில் 10 தோட்டா பிடிக்கும். அதுதான் ஜெயித்தது.

ஜெயித்த கையோடு 1932ல் வந்தது இடி. தலைமைத் தளபதி டக்ளஸ் மெக்கார்தர் .276 வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பழைய .30 தோட்டா கிடங்கு கிடங்காகக் குவிந்து கிடக்கிறது, இயந்திரத் துப்பாக்கிகளுக்கும் அதே தோட்டாதான், நாடோ பணக் கஷ்டத்தில் தவிக்கிறது, எனவே பழைய தோட்டாவுக்கே துப்பாக்கி செய்யுங்கள் என்பது அவர் முடிவு. கேரண்ட் .30 அளவிலும் ஒரு துப்பாக்கியைக் கையில் வைத்திருந்தார். மறுபடி வேலையில் இறங்கினார். 10 தோட்டா 8 ஆயிற்று. எடை கூடிற்று. ஆனால் துப்பாக்கி நின்றது. 1936 ஜனவரி 9ஆம் தேதி எம்-1 அமெரிக்கப் படையின் பொது ஆயுதமாக ஏற்கப்பட்டது.

ஏழாவது தோட்டா

என் தலைப்புக்குக் காரணமான கட்டம் இதுதான். ஒவ்வொரு இயந்திரவியல் மாணவரும் இதை மனத்தில் வைக்க வேண்டும் என்பது என் ஆசை.

டிசைன் முடிந்தது, அரசாணையும் வந்தது. இனி கவலை இல்லை என்றுதான் தோன்றும். உண்மையில் பாதி வேலை அப்போதுதான் ஆரம்பம். ஒரு துப்பாக்கியைக் கையால் இழைத்துச் செய்வது வேறு, லட்சம் துப்பாக்கியை மெஷினில் எடுப்பது வேறு. 1937ல் உற்பத்தி தொடங்கியபோது ஒரு நாளைக்கு 10 துப்பாக்கிதான் வந்தது. துப்பாக்கியை மட்டும் வரைந்துவிட்டு கேரண்ட் ஒதுங்கவில்லை. அதைச் செய்வதற்கான டூல், ஜிக், ஃபிக்ஸர், கேஜ் என்று உற்பத்தி வேலையிலும் தலையைக் கொடுத்தார். டூல்ரூமிலிருந்து வந்தவர் அல்லவா! இரண்டு ஆண்டில் நாளைக்கு 100 ஆயிற்று.

அப்போதுதான் விநோதமான புகார் வந்தது. 8 தோட்டா போட்டால் 6 நன்றாகப் போகிறது, ஏழாவது சிக்கிக்கொள்கிறது! எல்லாத் துப்பாக்கியிலும் இல்லை, சிலவற்றில் மட்டும். எல்லா நேரமும் இல்லை, சில நேரம் மட்டும். ஸ்பிரிங்கைப் பார்த்தார்கள், கிளிப்பைப் பார்த்தார்கள். கடைசியில் தோட்டாவுக்கு வழி காட்டுகிற பகுதியில் பிடித்தார்கள். மெஷின் வேலையில் செய்த ஒரு சின்ன மாற்றத்தால், ரிசீவருக்கு உள்ளே இருந்த மெல்லிய விளிம்பில் கொஞ்சம் உலோகத்தைக் கட்டர் கூடுதலாகத் தின்றுவிட்டிருந்தது. அந்தத் துளி உலோகம்தான் ஏழாவது தோட்டாவை நிமிர்த்திப் பிடித்து வந்ததாம்! வரைபடம் சரி, எஃகு சரி, ஆள் கெட்டிக்காரன். இருந்தும் நூலிழை அளவு உலோகம் இல்லாததால் ஆயுதம் கையை விரித்துவிட்டது.

ஃபிட்டிங் செக்ஷனில் சதுரம் ராவும்போது, அரை மில்லி கூடினால் என்ன, குறைந்தால் என்ன, மார்க்தானே போகும் என்று நாம் பேசுவதில்லையா? ஒரு ஜவானுக்கு அந்த அரை மில்லி, மார்க் இல்லை.

இன்னொரு கோளாறும் இருந்தது. முதலில் இராணுவத்தார் குழலில் துளை போடச் சம்மதிக்கவில்லை. அதனால் குழலின் முனையில் ஒரு மூடி மாட்டி, குண்டு வெளியேறிய பின் வருகிற புகையைப் பிடித்தார் கேரண்ட். மூடியில் கரி படிந்தது, மூடி ஆடியது, பார்வைக்குறி தள்ளிப்போயிற்று. பிறகு முனைக்குச் சற்று முன்னால் குழலிலேயே சின்னத் துளை போட்டுப் புகையை எடுக்கும்படி மாற்றினார்கள். 1940 முதல் வந்தவை அப்படித்தான். ஏற்கெனவே செய்து அனுப்பியவற்றில் பெரும்பாலானவற்றைத் திரும்ப வாங்கி மாற்றிக் கொடுத்தார்கள்.

இத்தனைக்கும் பிறகும் பரீட்சை ஓயவில்லை. 1940 கடைசியில் கடற்படைச் சிப்பாய்கள் கலிபோர்னியாக் கடற்கரையில் நான்கு வகைத் துப்பாக்கிகளைச் சேற்றிலும் உப்புத் தண்ணீரிலும் போட்டுச் சோதித்தார்கள். அந்த மாதிரி கஷ்டத்தில் கையால் இழுக்கிற பழைய துப்பாக்கியே முன்னால் நின்றது. தானே நிரப்பும் வகையில் எம்-1 முதல் இடம். கல்பாக்கம், சதுரங்கப்பட்டினம் பக்கமிருந்து வருகிற நண்பர்களைக் கேளுங்கள். உப்புக் காற்று இரும்பை என்ன பாடு படுத்தும் என்று கதை கதையாகச் சொல்வார்கள். புது சைக்கிள் செயின் ஒரு மழைக்காலத்தில் சிவந்துவிடும். கையால் இழுப்பதில் மனிதனின் பலம் இருக்கிறது, சிக்கினால் ஓங்கித் தட்டலாம். தானே ஓடுவதற்கு அந்த வசதி கம்மி. பெருமழையில் எம்-1ன் எண்ணெய் கழுவிப்போய் போல்ட் இறுகிக்கொண்டது. அதற்கென்று தனி கிரீஸ் கண்டுபிடித்துக் கொடுத்த பிறகுதான் சரியாயிற்று. நம்பகம் என்பது டிசைனில் மட்டும் இல்லை, பராமரிப்பிலும் இருக்கிறது.

எடை என்னும் கணக்கு

எம்-1 காலியாக 4.3 கிலோ. அதற்கு முன் அமெரிக்கர்கள் தூக்கிய துப்பாக்கி 4 கிலோவுக்குச் சற்றுக் கீழே. வித்தியாசம் அரைக் கிலோ கூட இல்லையே என்று தோன்றும். சந்தையில் தக்காளி வாங்கும்போது அது ஒன்றுமில்லைதான். தோளில் மாட்டி 20 மைல் நடந்து பார்த்தால்தான் தெரியும்.

ஆனால் எடை முழுக்க எதிரி இல்லை. நியூட்டனின் மூன்றாம் விதியை நினைவில் கொள்ளுங்கள். குண்டு முன்னே போகிற உந்தம் எவ்வளவோ, துப்பாக்கி பின்னே வருகிற உந்தமும் அவ்வளவே. துப்பாக்கி கனமாக இருந்தால் தோளுக்கு உதை மெதுவாக வரும். தூக்கக் கஷ்டம், சுட சுகம். இலேசாக்கினால் தூக்க சுகம், சுடக் கஷ்டம். இரண்டையும் சேர்த்து அனுபவிக்க முடியாது. மாமல்லபுரத்துச் சிற்பிகளைப் பார்த்திருப்பீர்கள். கல்லைக் குறைக்கக் குறைக்க உருவம் வரும். ஒரு அடி கூடுதலாய் விழுந்தால் விரல் உடைந்து விழும். எதை எடுக்கலாம் என்பதைவிட எதை எடுக்கக் கூடாது என்று தெரிவதுதான் கைத்திறன். கேரண்ட் எடுக்கக் கூடாததை எடுக்கவில்லை, எடையை ஏற்றுக்கொண்டார். நம்பகமா, எடையா என்று வந்தபோது நம்பகத்தின் பக்கம் தராசு சாய்ந்தது.

அதற்கும் விலை உண்டு. பின்னாளில் இதே துப்பாக்கியைத் தென் வியட்நாம் படைக்குக் கொடுத்தபோது, சிறிய உடல்வாகு உள்ள அந்த வீரர்களுக்கு அது நீளம், கனம், உதை அதிகம். அமெரிக்க உடம்புக்கு வெட்டிய சட்டை நம்மைப் போன்றவர்களுக்குப் பொருந்தாது. என்.சி.சி.யில் முதல் தடவை எஸ்.எல்.ஆரைத் தூக்கிய மெலிந்த தம்பிகள் இதை என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

ஆல்டர் பண்ணுவது

மூன்றாவது கேள்வி, மாற்றம். நம்ம பசங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பைக் வாங்கிய மறு வாரமே சைலன்சரை மாற்றி, ஹேண்டில்பாரை மாற்றி, ஈ.சி.ஆரில் ஒரு ரவுண்டு போனால்தான் தூக்கம் வரும். அழகாகத்தான் இருக்கும். மைலேஜ் ஏன் குறைந்தது, வண்டி ஏன் ஆடுகிறது என்று பிறகு மெக்கானிக் முன்னால் நிற்போம்.

எம்-1ன் பலவீனம் இங்கேதான் இருந்தது. 8 தோட்டாவையும் ஒரு கிளிப்போடு சேர்த்து மேலிருந்து அமுக்கிப் போட வேண்டும். கட்டை விரலைச் சரியாக எடுக்காவிட்டால் போல்ட் வந்து நசுக்கும். எத்தனையோ பேர் விரல் வீங்கியிருக்கிறது. பாதி சுட்ட பின் இரண்டு தோட்டா சேர்த்துக்கொள்ளலாம் என்றால் சுலபத்தில் முடியாது. 1944ல் தொலைவில் குறி வைப்பவர்களுக்காக டெலஸ்கோப் மாட்ட நினைத்தபோது மேலே இடமே இல்லை. கிளிப் போகவும் வரவும் அதுதானே வாசல்! இடது பக்கமாக ஒதுக்கி மாட்டினார்கள். கண் அதற்கு நேராக வரவில்லை. எனவே கட்டையில் தோல் திண்டு ஒன்றைக் கட்டிக் கன்னத்தை நகர்த்தினார்கள். ஒன்றை மாற்றினால் இன்னொன்று, அதை மாற்றினால் மற்றொன்று.

இந்தப் பாடத்தைப் படித்தவர்கள் அடுத்து வந்தார்கள். கேரண்டின் அதே போல்ட், அதே அடிப்படை, ஆனால் கீழே 20 தோட்டா மேகசின் என்று எம்-14 உருவாகி 1957ல் ஏற்கப்பட்டது. இன்றைக்குத் துப்பாக்கிகளின் மேல் பல் பல்லாக ஒரு தண்டவாளம் வைத்தே செய்கிறார்கள். டெலஸ்கோப், விளக்கு எது வேண்டுமோ மாட்டிக்கொள்ளலாம். ஆனால் மாட்டுகிற ஒவ்வொன்றும் எடை. மாட்டுகிற ஒவ்வொன்றும் கழன்று விழக்கூடிய ஒரு ஸ்குரூ. தராசு மாறவில்லை, தட்டுகள்தான் மாறின.

நம் நாட்டுக் கதையும் இதே தராசில்தான் ஆடியது. 7.62 எஸ்.எல்.ஆர். கனம் என்று, 5.56 மி.மீ. அளவில் இன்சாஸ் என்ற துப்பாக்கி 1990களில் வந்தது. 1999 கார்கில் போரில், பனிமலையில் அதன் மேகசின் விரிசல் விட்டது, சுடும்போது சிக்கியது என்று புகார்கள் எழுந்தன. 2019ல் இராணுவம் 72,400 புதுத் துப்பாக்கிகளுக்கு அமெரிக்காவில் ஆர்டர் கொடுத்தபோது மறுபடி 7.62க்கே போயிற்று. மெக்கார்தர் அன்று போட்ட கணக்கு இன்றும் முடியவில்லை. திருச்சியில் 1966ல் தொடங்கிய துப்பாக்கித் தொழிற்சாலையில் இந்தக் கணக்கைத்தான் நம்மைப் போலப் படித்தவர்கள் தினமும் போடுகிறார்கள்.

காசு வந்ததா?

வரவில்லை. 1936 ஜனவரியில் தன் கண்டுபிடிப்பின் உரிமையை கேரண்ட் அரசாங்கத்துக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். ஒரு துப்பாக்கிக்கு ஒரு டாலர் ராயல்டி என்று வைத்தால் கூடக் கோடீசுவரர் ஆகியிருப்பார். இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் 40 லட்சம் துப்பாக்கி. கொரியப் போர்க் காலத்தில் டிராக்டர் செய்கிற இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனி கூட இதைச் செய்தது. அவர் வாங்கியதோ அரசுச் சம்பளம். ஒரு லட்சம் டாலர் கொடுக்கலாம் என்று நாடாளுமன்றத்தில் மசோதா வந்தது, நிறைவேறவில்லை. 1944ல் ஒரு பதக்கம் கொடுத்தார்கள். ஜெனரல் பேட்டன் போன்றவர்கள் வாயாரப் புகழ்ந்தார்கள். 1974 பிப்ரவரி 16ஆம் தேதி, வேலை பார்த்த அதே ஸ்பிரிங்ஃபீல்டில் கேரண்ட் இறந்தார். வயது 86.

இது தியாகமா, ஏமாளித்தனமா என்று நண்பர்கள் ஹாஸ்டலில் விடிய விடிய வாதாடலாம். என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். உரிமையைக் கொடுத்தது அவருடைய பெருந்தன்மை. அதற்கு ஈடாக ஒன்றும் கொடுக்காதது நாடாளுமன்றத்தின் கஞ்சத்தனம். இரண்டையும் கலக்கக் கூடாது. தொழிலாளியின் பெருந்தன்மையைக் காட்டி அவன் கூலியைக் குறைக்கிற வேலை எல்லா நாட்டிலும் நடக்கிறது. மாணவர் சங்க மலரில் இதைச் சொல்லாமல் வேறு எங்கே சொல்வது?

மலர்க் குழுவின் கேள்விக்கு

துப்பாக்கி செய்தவரைப் புகழலாமா? எம்-1 நாஜிகளை விரட்டியது என்பது உண்மை. அதே துப்பாக்கியால் எத்தனையோ நாட்டில் எத்தனையோ ஏழை வீட்டுப் பிள்ளைகள் செத்தார்கள் என்பதும் உண்மை. ஜாம் ஆகிற துப்பாக்கி அதை வைத்திருப்பவனைக் கொல்கிறது. ஜாம் ஆகாத துப்பாக்கி எதிரில் நிற்பவனைக் கொல்கிறது. இரண்டு பக்கமும் ஒரு தாய் இருக்கிறாள். அதை மறைத்து எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே நான் கேரண்டைக் கும்பிடச் சொல்லவில்லை. அவரிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன். தான் செய்கிற பொருளின் மேல் முகம் தெரியாத ஒருவனுடைய உயிர் நிற்கிறது என்று அறிந்து, கட்டர் தின்ற நூலிழை உலோகத்தையும் தேடிப் பிடிக்கிற அந்தப் புத்தி. அது துப்பாக்கிக்கு மட்டும் உரியதல்ல. நாளை நாம் செய்யப்போவது பஸ்ஸின் பிரேக் டிரம்மாக இருக்கலாம், லிஃப்டின் கொக்கியாக இருக்கலாம், ஆஸ்பத்திரி ஆக்சிஜன் வால்வாக இருக்கலாம், கல்பாக்கத்தில் ஒரு பம்ப்பின் சீலாக இருக்கலாம். ஒவ்வொன்றிலும் ஒரு ஏழாவது தோட்டா ஒளிந்திருக்கிறது. இன்ஸ்பெக்ஷனில் ஆறு பீஸ் பாஸ் ஆனதும் ஏழாவதை அளக்காமல் கையெழுத்துப் போட கை துறுதுறுக்கும். அப்போது இந்தப் பஞ்சாலைப் பையனை நினைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு சேதி. கேரண்ட் உழைத்த அந்த ஆயுதச் சாலையை 1968ல் மூடிவிட்டார்கள். ஒரு பகுதி இன்று அருங்காட்சியகம். இன்னொரு பகுதியில் என்ன நடக்கிறது தெரியுமா? இரண்டு ஆண்டுத் தொழில்நுட்பக் கல்லூரி! துப்பாக்கி செய்த வளாகத்தில் நம்மைப் போன்ற மாணவர்கள் பை மாட்டிக்கொண்டு வகுப்புக்குப் போகிறார்கள். அவர்களுக்கும் மெஷின் ஷாப் உண்டு, ரெக்கார்டு நோட்டும் இருக்கும். முகம் தெரியாத அந்தத் தோழர்களுக்குச் செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து ஒரு வணக்கம் சொல்லி முடிக்கிறேன்.